பொத்தானுக்கும் வயது உண்டு



அட்டையைப் பார்த்ததும், "மார்கழி இதழில் ஆருத்ரா தரிசனத் தேர் எங்கே?" என்று கேட்பீர்கள். தேர் உள்ளே நடுப்பக்கத்தில் ஓடுகிறது. அட்டையில் இந்த முறை ஒரு பித்தளைப் பொத்தானை வைத்திருக்கிறோம். கடலூர் முதுநகர் வாசகி ஒருவர் தம் பாட்டியின் தையல் டப்பாவிலிருந்து எடுத்துப் படம் பிடித்து அனுப்பியது. எஸ்.ஐ.ஆர். என்று மூன்று ஆங்கில எழுத்துகள். மேடான இடமெல்லாம் கைபட்டுத் தேய்ந்து மின்னுகிறது. எழுத்தின் இடுக்குகளில் பச்சைக் களிம்பு. "தாத்தாவின் ரயில்வே கோட்டுப் பொத்தான் என்கிறார்கள். எத்தனை வருஷப் பழசு என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

ஓரளவு சொல்ல முடியும். எஸ்.ஐ.ஆர். என்பது சவுத் இந்தியன் ரயில்வே. எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சாவூர்ப் பக்கம் ஓடிய மீட்டர் கேஜ் பாதை அவர்களுடையது. 1951 ஏப்ரல் 14 அன்று அந்த ரயில்வேயும் வேறு இரண்டும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே ஆயின. பொத்தான் அதற்கு முன்பு அடிக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் கோட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பழைய கோட்டு கிழிந்தால் பொத்தானை வெட்டி எடுத்துப் புதிய கோட்டில் தைப்பது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். கோட்டு இன்று இல்லை என்பதால் பேச்சு பொத்தானோடு நிற்கிறது.

அந்தக் கடிதத்துக்கு முன்பே இன்னொன்று மேசையில் இருந்தது. அண்ணாமலை நகரில் படிக்கும் ஒரு தம்பி எழுதியது. பழைய ஜீன்ஸ் வாங்கி விற்கும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறாராம். "விண்டேஜ் என்று சொல்லி எதையாவது தலையில் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் எந்த வருஷத்துத் துணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார். பாட்டியின் டப்பாவும் தம்பியின் ஜீன்ஸும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் பழைய உழைப்புத் துணிக்கு.

தம்பியின் ஆர்வத்துக்குக் காரணம் உண்டு. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 1880-களைச் சேர்ந்த ஒரு லீவைஸ் கால்சட்டை ஏலத்துக்கு வந்தது. கைவிடப்பட்ட சுரங்கத்தில் கிடைத்தது. ஏலத் தொகை 76,000 டாலர். கட்டணமும் சேர்ந்து 87,000 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் ரீனோ நகரில் இன்னொரு ஏலம். 1857-இல் புயலில் மூழ்கிய சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பலிலிருந்து எடுத்த சுரங்கத் தொழிலாளியின் கால்சட்டை 1,14,000 டாலருக்குப் போனது. அது லீவைஸ் கம்பெனியை நிறுவிய லீவி ஸ்ட்ராஸ் விற்றதாக இருக்கலாம் என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் வரலாற்றாளரே அதை ஏற்கவில்லை. அதில் கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை, ரிவெட் ஆணியும் இல்லை. ஆனால் அதன் வயதில் யாருக்கும் சந்தேகமில்லை. கப்பல் மூழ்கிய நாளுக்குப் பிறகு அந்தக் கால்சட்டை இருந்த பெட்டிக்குள் எதுவும் போயிருக்க முடியாது.

துணிக்கு வயது சொல்வதன் அடிப்படையே இந்த இரண்டு எல்லைகள்தான். இதற்கு முன் இருக்க முடியாது என்று ஒரு கோடு. இதற்குப் பின் இருக்க முடியாது என்று இன்னொரு கோடு. முதல் கோட்டைப் போடுவது, அந்தத் துணியில் உள்ளவற்றிலேயே புதிய பொருள். பொத்தான் 1940 ஆகவும் ஜிப் 1975 ஆகவும் இருந்தால், இன்றுள்ள நிலையில் அந்த உடுப்பு 1975-க்கு முந்தியதல்ல. ஜிப்பைப் பின்னால் மாற்றியிருக்கலாம் என்று தோன்றினால் தையல் துளைகளைப் பாருங்கள். பழைய ஊசி போன துளைகளின் வரிசை காலியாகப் பக்கத்தில் தெரியும்.

இனி ஜீன்ஸ். தாம்பு போன்ற நூலும் செம்பு ஆணியும் கொண்ட இந்தக் கால்சட்டைக்குப் பிறந்த நாளே உண்டு: 1873 மே 20. ரீனோவில் தையல் வேலை செய்த ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவி ஸ்ட்ராஸும் பாக்கெட் முனைகளில் ரிவெட் அடிக்கும் முறைக்கு அன்று காப்புரிமை பெற்றார்கள். தொழிலாளி கல்லையும் கருவியையும் திணித்துப் பாக்கெட்டைக் கிழிக்கிறான் என்பதே பிரச்சினை. 501 என்ற எண் 1890-இல் வந்தது. பின்பக்க இரண்டாவது பாக்கெட் 1901-இல், இடுப்பு வார் கோக்கும் வளையங்கள் 1922-இல்.

கையில் உள்ள லீவைஸைச் சோதிக்க நான்கு இடங்கள் போதும். வலது பின் பாக்கெட்டின் ஓரத்தில் சிறிய சிவப்புப் பட்டை இருக்கிறதா? அது 1936-க்குப் பிறகு. அதில் பெயரின் எல்லா எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்தா, நடுவே 'ஈ' மட்டும் சிறிய எழுத்தா? சிறியதாக இருந்தால் 1971-க்குப் பிறகு. இரண்டாவது இடம், பின் பாக்கெட்டின் உட்புறம். நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகிறது என்ற புகாரால் 1937-இல் பின் ரிவெட்டுகளைத் துணிக்குள் மறைத்தார்கள்; 1966-இல் அவற்றை எடுத்துவிட்டு நெருக்கமான தையல் போட்டார்கள். மூன்றாவது, இடுப்புப் பட்டியில் உள்ள குதிரைப் பட வில்லை. தோலாக இருந்தது 1950-களின் நடுவில் தடித்த காகிதம் போன்ற பொருளுக்கு மாறியது. நான்காவது, கால் ஓரத்தை மடித்துப் பாருங்கள். உள் மடிப்பில் பிசிறில்லாத வெள்ளைக் கரையும் அதில் சிவப்பு இழையும் ஓடினால் அது குறுகிய தறியில் நெய்தது. 1980-களின் தொடக்கத்தோடு 501-இல் அது நின்றுபோனது. இவை போக, சலவை முறையைச் சொல்லும் உள் லேபிள் இருந்தால் பெரும்பாலும் 1970-களுக்குப் பின் என்று கொள்ளலாம். அமெரிக்கா 1972-இல்தான் அதைக் கட்டாயமாக்கியது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுத்துத் தைப்பதில் ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்; இடையில் கைமாறும்போது அந்தச் சொல் காணாமல் போகிறது. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நான்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும்.

சரி, நம் ஊருக்கு ஜீன்ஸ் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வயதுக் கணக்கு முடிந்துவிடும். முதலில் வந்தது கப்பலில். எம்.வி. சிதம்பரம் என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய பயணிகள் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பரங்கிப்பேட்டை, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகளின் பெட்டிகளில் கைலி, தைலம், டேப் ரிக்கார்டர் இவற்றோடு ஜீன்ஸும் இறங்கியது. அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள், அதோடு அந்தச் சேவை முடிந்தது. "மாமா சிதம்பரம் கப்பலில் கொண்டுவந்தது" என்று வீட்டில் சொல்வார்களானால், அந்த ஜீன்ஸ் 1970-களின் தொடக்கத்துக்கும் 1985-க்கும் இடைப்பட்டது. லேபிளில் ஹாங்காங், சிங்கப்பூர் என்று இருந்தால் வியப்படைய வேண்டாம். அமெரிக்கப் பெயரை அங்கேயும் தைத்தார்கள். "மலாயா" என்று இருந்தால் இன்னும் பழசு. மலேசியா என்ற நாடு 1963 செப்டம்பர் 16-க்குப் பிறகுதான்.

உள்நாட்டு ஜீன்ஸ் வேறு கதை. அரவிந்த் மில்ஸ் 1980-இல் ஃப்ளையிங் மெஷின் என்ற பெயரில் ஜீன்ஸ் விற்கத் தொடங்கியது. டெனிம் துணியையே பெரிய அளவில் நெய்யத் தொடங்கியது அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில். 1990-களின் நடுவில் அதே கம்பெனி ரஃப் அண்ட் டஃப் என்று ஒரு பொட்டலத்தை இறக்கியது. வெட்டாத துணி, ஜிப், ரிவெட், பொத்தான், இடுப்பில் ஒட்டும் வில்லை எல்லாம் உள்ளே இருக்கும். வாங்கிக்கொண்டு போய் உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்தால் ஜீன்ஸ். வில்லை கம்பெனியுடையது, தையல் சிதம்பரம் கீழவீதியுடையது! இன்று அப்படி ஒன்று கையில் கிடைத்தால் "போலி" என்று ஒதுக்கிவிடுவார்கள். போலி அல்ல. மிதி மெஷினில் போட்ட ஒற்றைத் தையலும், அளவுக்கு மேல் அகலமான உள் மடிப்பும், கம்பெனி ரிவெட்டும் சேர்ந்து இருந்தால் அதுவே அந்தச் சில ஆண்டுகளின் முத்திரை. பையன் வளர்ந்தால் பிரித்துவிட வசதியாக உள்ளே துணி விட்டுத் தைப்பது நம் தையற்காரர்களின் வழக்கம். எந்தத் தொழிற்சாலையும் அந்தத் தாராளத்தைக் காட்டுவதில்லை.

தையற்காரர் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: நம் பக்கத்துப் பழைய துணிக்குச் சிறந்த சாட்சி, காலருக்குக் கீழோ இடுப்புப் பட்டியிலோ தைத்திருக்கும் சின்னக் கடை லேபிள்தான். அதில் ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். "தென்னார்க்காடு" அல்லது "தெ.ஆ." என்று இருந்தால் 1993-க்கு முன். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. "தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்" என்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுக்கும்வரை சில ஆண்டுகளே அந்தப் பெயர் இருந்தது. கடலூருக்கு 607001, சிதம்பரத்துக்கு 608001 என்று ஆறிலக்க எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். "மதராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன்.

எழுத்தின் வடிவமும் பேசும். "தையல் நிலையம்" என்பதில் லை யானைத் துதிக்கை போல் மேலே வளைந்திருந்தால், 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முழு உறுதி கிடையாது. பழைய லேபிள் கட்டு தீரும்வரை பழைய எழுத்தே ஓடியிருக்கும். மறுபக்கம், தையற்காரர் கறுப்புச் சட்டைக்காரராக இருந்தால் பெரியார் 1935-இலேயே கொண்டுவந்த எழுத்தை அவர் அப்போதே போட்டிருப்பார்.

துணியின் ஓரத்தில் ஆலை முத்திரையும் விலையும் மங்கலாகத் தெரிந்தால் விடாதீர்கள். அணா, பைசா என்று கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். "ந.பை." என்று நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். கஜத்தில் அளவு சொன்னால் மீட்டர் வருவதற்கு முன். ரூபாய்க்கு இன்றைய குறியீடு இருந்தால் 2010-க்குப் பின்.

சீருடைக்கு இன்னும் எளிது. போலீஸ் பொத்தானில் கிரீடம் இருந்தால் குடியரசுக்கு முன்; நான்முகச் சிங்கம் 1950-க்குப் பின். கண்டக்டரின் காக்கிச் சட்டையில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற வில்லை இருந்தால் 1997-க்கு முன். அந்த ஆண்டு பெரும்பாலான கழகங்கள் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்கு வந்தன. நெய்வேலித் தொழிலாளியின் உடுப்பில் நிறுவனத்தின் பழைய முழுப் பெயர் இருந்தால் 1956-க்கும் 2016-க்கும் நடுவில், பிறகு என்.எல்.சி. இந்தியா ஆகிவிட்டது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் பாரி கம்பெனி 1842-இலிருந்து ஆளை வேலைக்கு வைத்திருக்கிறது. அத்தனை தலைமுறை உழைத்த ஊரில் ஆலை உடுப்பு ஒன்றாவது எந்த வீட்டுப் பரணிலாவது இருக்காதா என்பது என் ஆசை.

எல்லாக் காக்கியிலும் ஒரு குறியைத் தேடச் சொல்வேன். பட்டியின் உட்புறத்தில், விரல்நகம் அளவில், புள்ளியும் கோடுமாகக் கறுப்பாக இருக்கும். சலவைத் தொழிலாளி போட்ட குறி அது. சேராங்கொட்டையைக் குத்தி அதன் சாற்றைத் தொட்டு எழுதி, மேலே சுண்ணாம்பு வைப்பார்கள். வெள்ளாவியில் எத்தனை முறை வெந்தாலும் அது போகாது. துணி நைந்து போனாலும் குறி நிற்கும். இந்த வீட்டுக்கு இந்தக் குறி என்பது அவர் மனதில் இருந்த பேரேடு. ஒரே குறி இரண்டு துணிகளில் இருந்தால் இரண்டும் ஒரே வீட்டுக்கு வெளுத்தவை. லேபிள் இல்லாத துணிக்கு உரியவரைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

நிறத்தை வைத்து வயது சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். "இது இயற்கை நீலம் சார்" என்று ஒருவர் கண்ணால் பார்த்தே சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அவுரியிலிருந்து எடுத்த நீலமும், ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி 1897-இல் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமும் வேதியியலில் ஒரே பொருள். பிரித்துச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். வெளுத்திருப்பதும் வயதுக்குச் சாட்சியல்ல. ஜீன்ஸின் பாவு நூலில் நீலம் மேல்தோலோடு நிற்கிறது, நடு வெள்ளையாகவே இருக்கிறது, அதனால் தேயத் தேய வெளுக்கிறது. அந்த வெளுப்பைக் கல்லும் மருந்தும் போட்டு ஒரு மணி நேரத்தில் வரவைப்பார்கள். சாயம் போவதும் அப்படியே. 1958-இல் துணி ஏற்றுமதி செய்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து சென்னைக் கட்டம்போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய், முதல் சலவையிலேயே சாயம் ஓடிப் பெரிய சண்டையானது. பிறகு அந்தக் குறையையே, சாயம் ஓடுவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தார்கள். புதுத் துணிதான் அது.

நீலத்தைப் பற்றிப் பேசும் உரிமை நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பரங்கிப்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துக்கொண்டது பெரும்பாலும் துணிக்காக. தென்னார்க்காடு சென்னை மாகாணத்தின் முக்கியமான அவுரி மாவட்டங்களில் ஒன்று. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து போன நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றோரத்தில் காசுக்குப் பதிலாகவே செல்லுபடியானது. உலகம் உழைப்புக்கு நீலம் உடுத்தப் பழகியதில் இந்தக் கரைக்கும் பங்கு உண்டு. அந்தத் துணியில் ஒரு முழம்கூட இந்த ஊர் வீடுகளில் நான் பார்த்ததில்லை.

ஏன் இல்லை? வேட்டியையும் பட்டுப்புடவையையும் பெட்டியில் வைப்போம். வேலைக்குப் போட்ட சட்டையை வைப்பதில்லை. முதலில் அது தம்பிக்குப் போகும், பிறகு தலையணை உறையாகும், பிறகு அடுப்பங்கரையில் கரித்துணியாகும். மிஞ்சியது பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் ஒரு எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வரும். அதையும் தாண்டி நின்றதை உப்புக்காற்றும் வெள்ளமும் பார்த்துக்கொண்டன. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 மழை என்று கடலூர் வீடுகளின் டிரங்குப் பெட்டிகள் எத்தனை முறை தண்ணீரில் மிதந்தன என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்கச் சுரங்கத்தின் வறண்ட இருட்டு நமக்கு வாய்க்கவில்லை. அதனாலேயே மிஞ்சியிருப்பது அருமையானது.

விலைக்காக இதைச் சொல்லவில்லை. கண்டக்டர் சட்டைக்கு யாரும் 76,000 டாலர் கொடுக்கப்போவதில்லை. ஆனால் நம் வீட்டு ஆண்களும் பெண்களும் எங்கே உழைத்தார்கள், என்ன போட்டுக்கொண்டு உழைத்தார்கள் என்பதற்குக் கல்யாண ஆல்பத்தில் சாட்சி இல்லை. அதில் எல்லோரும் இரவல் கோட்டில் நிற்கிறார்கள். உண்மையான உடுப்பு பரணில் இருக்கிறது.

இன்னும் சில வாரங்களில் போகி. பரணை ஒழிக்கும்போது பழைய துணி மூட்டையை அப்படியே தெருவுக்கு இழுக்காதீர்கள். பிரித்து, பொத்தான், லேபிள், கரை, குறி நான்கையும் பாருங்கள். எதையும் துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். அழுக்கும் ஒரு தகவல். லேபிளை வெட்டி எடுக்காதீர்கள். துணியை விட்டுப் பிரிந்த லேபிள் பாதி ஊமை. பகல் வெளிச்சத்தில் முன், பின், உள் என மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வையுங்கள்.

பிறகு முக்கியமான வேலை. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் கையில் அந்தத் துணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். யாருடையது, எங்கே வேலை, எந்தத் தையற்காரர், எப்போது நிறுத்தினார் என்று அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் வருஷத்தைச் சொல்லும். ஆளின் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்.

படங்களையும் குறிப்பையும் எங்களுக்கு அனுப்புங்கள். துணியை அனுப்ப வேண்டாம். அது உங்கள் வீட்டில் இருக்கட்டும். மாசி இதழில் வாசகர் துணிகளுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறோம். வயது சொல்ல முடிந்தவற்றுக்குச் சொல்வோம். முடியாதவற்றை அப்படியே வெளியிடுவோம், உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். தை மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
ஆசிரியர்